ஆறா, ஊற்றா? சிலாலா வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலைத்தொடரின் மேற்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் பொலிவியா நாட்டின் மண்ணில் கசிந்து பிறந்து, சில கிலோமீட்டர் நடப்பதற்குள் எல்லையைத் தாண்டிச் சிலி நாட்டுக்குள் இறங்கிவிடும் சிலாலா என்னும் நீரோட்டம், அந்த எல்லையில் நொடிக்கு ஏறத்தாழ 160 லிட்டர் தண்ணீரைக் கொண்டுசெல்கிறது. நம் ஊர்க் கணக்கில் அது ஆறு கன அடிக்கும் சற்றுக் குறைவு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோக வகுக்கப்பட்ட, இங்கே எல்லோரும் இருபது எம்ஜிடி (நாளொன்றுக்கு இருபது மில்லியன் கேலன்) என்று சொல்லும் திட்டத்தின் அளவு சிலாலாவைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் வரும். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்காக இரண்டு நாடுகள் தி ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆறரை ஆண்டுகள் வழக்காடின. 2016 ஜூன் 6 அன்று சிலி தாக்கல் செய்த வழக்கில் 2022 டிசம்பர் 1 அன்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பைப் படித்து முடித்தால், கேட்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நீதிமன்றம் விடையே கூறவில்லை என்பது தெரியும். ஏன் கூறவில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வாய்க்கால், மடை, மறுகால் தகராறுகளை நடத்திப் பிழைக்கும் வழக்கறிஞனுக்கு ஆண்டிஸ் மலையில் என்ன வேலை என்று கேட்கலாம். மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய பாட்டனார் காலத்தில், ஊற்றடித்து எப்போதும் சதசதவென்று கிடந்த அவர்களது நன்செயின் நடுவே, கீழூரார் வந்து கேட்டதன்பேரில் ஒரு கால், அதாவது சிறு வாய்க்கால், வெட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள். கால் வெட்டியதும் சதுப்பு வடிந்தது. கீழூர்க் குளத்துக்குத் தண்ணீர் விரைந்து போனது. இரண்டு தரப்புக்கும் அப்போது மகிழ்ச்சிதான். இப்போது பேரன் அந்தக் காலை மூடிவிட்டு நிலத்தைப் பழையபடி ஊற விட வேண்டும் என்கிறார். கீழூரார் தடையாணை கேட்டு வழக்குப் போட்டுவிட்டார்கள். “அண்ணாச்சி, எங்க தாத்தா வெட்ட விட்ட காலுதான. எங்க வயலுக்குள்ள இருக்கிற கால நான் மூடினா, கீழ உள்ளவங்க எப்படித் தடுக்க முடியும்?” என்று அவர் கேட்டார். முன்தீர்ப்புகளைத் தேடிக்கொண்டு போன இடத்தில்தான் சிலாலா கிடைத்தது. பொலிவியா கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

இடமும் தண்ணீரும்

சிலாலாவின் தலைப்பகுதி பொலிவியாவின் தென்மேற்கு மூலையில், பொத்தோசி பகுதியில், எல்லைக்கோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் முதல் மூன்று கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. நம்முடைய அகத்தியர் மலை உச்சியே 1,870 மீட்டருக்குள்தான். அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான உயரத்தில், மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத வறண்ட மேட்டுநிலத்தில், எரிமலைச் சாம்பல் உருகி இறுகிய பாறையின் வெடிப்புகளில் தேங்கிய நிலத்தடி நீர் பல ஊற்றுகளாக வெளிவருகிறது. அந்த ஊற்றுகள் இரண்டு சதுப்புகளை ஊட்டுகின்றன; வடக்கே உள்ளது கஹோனெஸ், தெற்கே உள்ளது ஓரியந்தாலெஸ். இத்தகைய உயர்மலைச் சதுப்பை அங்குள்ளவர்கள் பொஃபெதால் என்பார்கள். நீர்ப்பாசியும் குட்டைப்புல்லும் மெத்தைபோல் அடர்ந்து, மிதித்தால் தண்ணீர் கசியும் நிலம் அது. உலகின் மிக வறண்ட பாலைகளில் ஒன்றான அத்தகாமாவின் ஓரத்தில் இருப்பதால், அந்தப் பச்சைக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. நம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைப் போலவே அந்தப் பகுதியும் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இரண்டு சதுப்புகளின் தண்ணீரும் சேர்ந்து, தென்மேற்காகச் சரியும் ஒரு பள்ளத்தாக்கின் வழியே எல்லையைக் கடந்து, சிலிக்குள் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் சென்று சான் பெத்ரோ ஆற்றில் கலக்கிறது. சான் பெத்ரோ, பாலைநிலத்தைக் கடந்து கடலுக்குப் போகும் லோவா ஆற்றைச் சேர்ந்தது. தரையின் சரிவு பொலிவியாவிலிருந்து சிலியை நோக்கி இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் எந்தக் காலத்திலும் சண்டை இல்லை. தரைக்கு மேல் ஓடுவதைப்போலவே தரைக்குக் கீழும் தண்ணீர் எல்லை தாண்டுகிறது. நில அமைப்பை மட்டும் பார்த்தால் இதில் வழக்குக்கு இடமே இல்லை.

1908 உரிமமும் 1928 கால்வாய்களும்

சிக்கல் ரயிலோடு வந்தது. 1879இல் தொடங்கிய பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தது. 1904 அமைதி உடன்படிக்கை அந்த இழப்பை உறுதிசெய்தது. சிலாலாவின் தண்ணீர் பின்னாளில் எந்தத் துறைமுக நகரின் குடிநீருக்காகத் தேடப்பட்டதோ, அந்த அந்தோஃபகாஸ்தா போருக்கு முன்பு பொலிவியாவின் நகரம். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இவ்வழக்கின் சூட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தோஃபகாஸ்தாவிலிருந்து பொலிவியாவுக்கு ரயில் ஓட்டிய ஆங்கிலேய முதலீட்டு நிறுவனம், 1906இல் சிலி அரசிடமிருந்து துறைமுக நகருக்குக் குடிநீர் கொண்டுபோகச் சிலாலா நீரை எடுக்கும் உரிமம் பெற்றது. 1908 செப்டம்பரில் அதே நிறுவனம் பொலிவியாவின் பொத்தோசி ஆட்சியரிடம் மற்றோர் உரிமம் பெற்றது; அது நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் எடுப்பதற்கானது. பொலிவிய மண்ணில் நீரெடுப்பு மேடை கட்டப்பட்டு, குழாய் போடப்பட்டு, 1910இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. 1928இல் அந்நிறுவனம் இரண்டு சதுப்புகளின் ஊடாகவும் கல்லடுக்கிய கால்வாய்களை வெட்டியது. எதற்காக வெட்டியது என்பதற்கு நீதிமன்றத்தில் இரண்டு விடைகள் சொல்லப்பட்டன. சதுப்பில் பூச்சி பெருகிக் குடிநீர் கெடாதிருக்க, சுகாதாரத்தை முன்னிட்டு வெட்டியது என்றது சிலி. சுற்றியுள்ள ஊற்றுகளிலிருந்தும் சதுப்பிலிருந்தும் கூடுதல் தண்ணீரை வலிந்து இழுக்கவே வெட்டியது என்றது பொலிவியா. 1942இல் எல்லைக்கு மிக அருகே, ஆனால் சிலியின் பக்கத்தில், இரண்டாவது நீரெடுப்பு கட்டப்பட்டது.

அதன்பின் நீராவி எஞ்சின்கள் போய் டீசல் எஞ்சின்கள் வந்தன. எஞ்சின் போனாலும் தண்ணீர் நிற்கவில்லை; குடிநீருக்கும் தாமிரச் சுரங்கங்களுக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. 1997 மே 14 அன்று பொத்தோசி ஆட்சியர் 1908 உரிமத்தை ரத்து செய்தார்: எதற்காகக் கொடுத்தோமோ அந்தத் தேவையே இல்லாதபோது உரிமம் மட்டும் எப்படி நிற்கும் என்பது வாதம். 2000இல் பொலிவியா அந்தத் தண்ணீரை 40 ஆண்டு உரிமத்தில் தன் நாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. அந்நிறுவனம் சிலிப் பக்கத்து ரயில் நிறுவனத்துக்கும் அரசுத் தாமிர நிறுவனமான கொடெல்கோவுக்கும் தண்ணீர்க் கட்டணம் கேட்டு ஓலை அனுப்பியது. சிலி மறுத்தது. 2003இல் அந்த உரிமமும் ரத்தானது.

பெயரில் இருந்த வழக்கு

இந்தக் கட்டத்திலிருந்துதான் பெயர்ச் சண்டை தொடங்குகிறது. சிலி தன் ஆவணங்களில் இதைச் ‘சிலாலா ஆறு’ என்று எழுதும். பொலிவியா ‘சிலாலா ஊற்றுகள்’ என்று எழுதும். ஆறு என்றால் அது இரு நாட்டுக்கும் பொதுவான பன்னாட்டு நீரோட்டம். கீழ்நாட்டுக்குச் சமனும் நியாயமுமான பங்கு தானாக வரும். வெட்டிவிட்ட காலால் மட்டுமே எல்லை தாண்டும் ஊற்றுநீர் என்றால், ஊற்று யாருடைய மண்ணில் இருக்கிறதோ அவருடைய சொத்து. கீழே உள்ளவன் காசு கொடுத்து வாங்கவேண்டும். 1904 உடன்படிக்கையோடு இணைத்த வரைபடத்திலேயே ஆறு என்று குறித்திருக்கிறது, உரிமம் ரத்தான காலம்வரை பொலிவியாவும் அப்படித்தான் அழைத்துவந்தது என்று சிலி சுட்டிக்காட்டியது.

இதை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்க என்னால் முடியாது. நம் நாட்டின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஓடையாக ஓடாத, குளம் குட்டையாக நிலையாகத் தேங்காத மேல்நீரின்மீதும், வரையறுத்த வழியில் செல்லாத நிலத்தடி நீரின்மீதும் எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபவ பாத்தியம், அதாவது நீண்டகால அனுபவத்தால் வரும் உரிமை, பிறக்காது என்கிறது. ஆகவே நம் உரிமையியல் நீதிமன்றங்களிலும் முதல் எழுவினா, அதாவது நீதிமன்றம் முடிவுசெய்ய எடுத்துக்கொள்ளும் கேள்வி, “தாவாத் தண்ணீர் ஓடையா, கசிவா?” என்பதாகவே இருக்கும். பிராதில் ஒரு தரப்பு ‘வாய்க்கால்’ என்று எழுத, பதிலுரையில் மறுதரப்பு ‘வடிகால்’ என்று எழுதுவதை எத்தனையோ கட்டுகளில் பார்த்திருக்கிறேன். பொலிவியாவின் வழக்கறிஞர்களும் தங்கள் தொழிலை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

ஆனால் அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அதன் பெயர் லௌகா. லௌகா ஆறு சிலியில் பிறந்து பொலிவியாவுக்குள் ஓடி, கோய்பாசா என்னும் உப்பேரியில் சேர்கிறது. அங்கே மேல்நாடு சிலி, கீழ்நாடு பொலிவியா. அரிக்கா நகரை ஒட்டிய அசாபா பள்ளத்தாக்கின் பாசனத்துக்கு லௌகா நீரைத் திருப்பப் போவதாகச் சிலி 1939இல் அறிவித்தது. பொலிவியா ஆட்சேபித்துக்கொண்டே இருந்தது. 1962இல் மதகு திறக்கப்பட்டதும் பொலிவியா சிலியோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. கீழே இருப்பவனுக்குத் தண்ணீரில் உரிமை உண்டு என்று லௌகாவில் முழங்கிய நாடு, சிலாலாவில் மேலே நின்றுகொண்டு கீழே உள்ளவனுக்கு உரிமை இல்லை என்றது. சிலியின் பேச்சும் அதே கதியில் தலைகீழாயிற்று. தலைமடைக்காரன் ஒரு நியாயமும் கடைமடைக்காரன் ஒரு நியாயமும் பேசுவது நம் தாமிரபரணிப் பாசனத்தின் மருதூர் மேலக்காலிலும் உண்டு; ஆனால் ஒரே ஆள் இரண்டு வயலிலும் நின்று இரண்டையும் பேசுவது அரிது.

வழக்குக்கு முன் சமரசம் முயலப்படாமல் இல்லை. இரு நாடுகளும் கூட்டுக் குழு அமைத்துப் பேசி, 2009இல் ஒரு வரைவு ஒப்பந்தம் வரை வந்தன. எல்லை தாண்டும் நீரில் பாதி தொடக்கத்தில் பொலிவியாவுக்கு உரியது, மீதிப் பங்கு கூட்டாய்வுக்குப் பின் முடிவாகும் என்பது அதன் சாரம். பொத்தோசி மக்கள் பாதி என்பதை ஏற்கவில்லை. கடந்த காலத்துக்கும் சேர்த்து நிலுவை வேண்டும் என்றார்கள். வரைவு கையொப்பமாகாமல் நின்றது. என் கருத்தில், வழக்கு தவிர்க்கப்பட்டிருக்கக்கூடிய கடைசி இடம் அதுதான். நம் பக்கத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர் விவசாயிகள் கேரள வனத்துக்குள் உடைந்து கிடக்கும் செண்பகவல்லித் தடுப்பணையைக் கட்டித்தரக் கேட்டுப் பல பத்தாண்டுகளாக அலைவதைப் பார்க்கும்போது, கையெழுத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுபோகும் ஒப்பந்தங்களின்மேல் எனக்கு ஒரு தனிக் கசப்பு உண்டு.

வழக்கு கரைந்த விதம்

2016 மார்ச்சில் பொலிவிய அதிபர் ஏவோ மொராலெஸ், சிலி சிலாலாவைத் திருடுகிறது என்றும் தி ஹேக்குக்குப் போவோம் என்றும் அறிவித்தார். கடலுக்கு வழி கேட்டு 2013இல் பொலிவியா தொடுத்த வேறொரு வழக்கு ஏற்கெனவே அங்கே நடந்துகொண்டிருந்தது. அது 2018இல் பொலிவியாவுக்கு எதிராக முடிந்தது. சிலாலாவில் சிலி முந்திக்கொண்டது. அமெரிக்கக் கண்ட நாடுகள் தங்கள் தகராறுகளை அமைதியாகத் தீர்த்துக்கொள்ளச் செய்த 1948 பொகோட்டா உடன்படிக்கையின்கீழ் அதுவே வாதியாகிப் போய், நம் வழக்கில் சொன்னால், விளம்புகைப் பரிகாரம், அதாவது உரிமை இன்னது என்ற அறிவிப்பு, கேட்டது: சிலாலா ஒரு பன்னாட்டு நீரோட்டம் என்றும், அதில் தனக்குச் சமனும் நியாயமுமான பயன்பாட்டுக்கு உரிமை உண்டு என்றும், இப்போது தான் எடுத்துவரும் தண்ணீர் அந்த உரிமைக்குள் அடங்கியது என்றும், மாசு முதலிய தீங்கைத் தடுக்கப் பொலிவியா கடமைப்பட்டது என்றும், புதிய வேலைகளுக்குமுன் தகவல் தந்து கலந்து பேசும் கடமையைப் பொலிவியா மீறிவிட்டது என்றும் அறிவிக்க வேண்டும் என்றது. பொலிவியா 2018இல் எதிர் உரிமைக் கோரிக்கைகளை வைத்தது: தன் மண்ணில் உள்ள கால்வாய்கள் தனக்கே சொந்தம், அந்தக் கால்வாய்களால் கூடிய செயற்கை ஓட்டத்தில் சிலிக்கு உரிமை இல்லை, அந்தக் கூடுதல் நீர் இனித் தொடர்ந்து போகவேண்டுமானால் ஈட்டுத்தொகை உள்ளிட்ட ஒப்பந்தம் வேண்டும்.

இரு நாடுகளும் 1997ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் நீரோட்ட ஒப்பந்தத்தில் சேராதவை. அது பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது சிலி ஆதரித்தது; பொலிவியா நடுநிலை வகித்தது; இந்தியாவும் நடுநிலைதான். ஆகவே நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் நிலைத்த வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டத்தை வைத்தே நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

எழுத்துவழி வாதங்கள் வளர வளர ஒரு விந்தை நடந்தது. இரு தரப்பும் நிபுணர்களை அமர்த்தின. பொலிவியா அமர்த்திய டென்மார்க் நாட்டு நீரியல் நிறுவனமே, கால்வாய்கள் இல்லாவிட்டாலும் சிலாலா சரிவின்வழியே சிலிக்குள் ஓடத்தான் செய்யும் என்பதை மறுக்கவில்லை. கால்வாய்களால் எவ்வளவு கூடியது என்பதில்தான் அதன் கவனம் இருந்தது. அது ஊற்றாகவே நின்றிருக்கும் என்ற பழைய வாதம் அத்தோடு போயிற்று. 2022 ஏப்ரலில் நேரடி விசாரணை நடந்தபோது, சிலாலா பன்னாட்டு நீரோட்டமே என்றும், இயற்கையாக ஓடுவதானாலும் செயற்கையாகக் கூட்டப்பட்டதானாலும் முழுவதற்கும் ஒரே சட்டந்தான் என்றும் பொலிவியா ஏற்றுக்கொண்டது. மறுபக்கம், கால்வாய்கள் பொலிவியாவின் மண்ணில் இருப்பதால் அவற்றை வைத்துக்கொள்வதோ பிரித்தெறிவதோ பொலிவியாவின் உரிமை என்று சிலி ஏற்றுக்கொண்டது. பிரித்ததால் மட்டும் ஓட்டம் குறைந்தால் அதைத் தன் உரிமை மீறலாகக் கொள்ளமாட்டோம் என்றும் சொல்லிவிட்டது.

ஆக, நீதிபதிகளின் கைக்கு வந்தபோது வழக்கின் பெரும்பகுதி கரைந்திருந்தது. சிலியின் ஐந்து கோரிக்கைகளில் நான்கும், பொலிவியாவின் மூன்றில் இரண்டும் ‘பொருளற்றுப் போய்விட்டன, தீர்ப்புத் தேவையில்லை’ என்று நீதிமன்றம் கூறியது. நாளை பொலிவியா பேச்சை மாற்றிக்கொண்டால் என்ன செய்வது, ஆகவே எழுத்தில் அறிவித்துவிடுங்கள் என்று சிலி மன்றாடிப் பார்த்தது. ஒரு நாடு நீதிமன்றத்தின்முன் சொன்னதை நல்லெண்ணத்தோடு சொன்னதாகவே கொள்ளவேண்டும் என்று நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. ஆனாலும், யார் எதை ஏற்றுக்கொண்டார் என்பதைத் தீர்ப்பின் உடலிலேயே வரிவரியாகப் பதிந்து வைத்தது. நம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் ஒப்புதலைக் குறிப்பில் ஏற்றி மனுவை முடித்துவைப்பதைப் போன்றது அது; ஆணை இல்லை, ஆனால் அந்தப் பதிவைத் தாண்டிப் பின்னால் எவரும் எளிதில் பேசிவிட முடியாது. சிலி கேட்ட அறிவிப்பு கிடைக்கவில்லை என்று பார்த்தால் அதற்குத் தோல்வி. அறிவிப்பால் அடைய நினைத்ததை எதிர்த்தரப்பின் வாயாலேயே அடைந்தது என்று பார்த்தால் வெற்றி. தீர்ப்பு வந்த மாலையில் இரு நாட்டுத் தலைவர்களும் தங்களுக்கே சாதகம் என்று பேசியதில் பொய் அதிகமில்லை.

கரையாமல் மிஞ்சியவை இரண்டு. மீன்வளர்ப்புக் குளம், சிறு தடுப்பணை, ஊற்றுநீரைப் புட்டியில் அடைக்கும் ஆலை, படைக்காவல் நிலையம், சில வீடுகள் எனப் பொலிவியா அறிவித்த அல்லது கட்டிய வேலைகளுக்கு முன்தகவல் தரவில்லை என்ற சிலியின் ஐந்தாவது புகார் ஒன்று. குறிப்பிடத்தக்க தீங்கு விளையக்கூடிய வேலைக்குத்தான் முன்தகவல் கடமை எழும்; இவற்றால் அப்படித் தீங்கு வரும் என்று சிலி காட்டவில்லை என்று அது தள்ளுபடியானது. இதில் நீதிமன்றம் கறாராக நடந்துகொண்டது என்றே நினைக்கிறேன்; தீங்கு வருமா வராதா என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே முன்தகவல் கேட்கிறோம்? மற்றொன்று, கூடுதல் நீருக்கு ஒப்பந்தமும் ஈடும் வேண்டும் என்ற பொலிவியாவின் மூன்றாவது கோரிக்கை. வருங்காலத்தில் நடக்கலாம் என்று ஊகிக்கும் ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது தன் வேலையில்லை என்று அதையும் நீதிமன்றம் தள்ளியது. கட்டண ஓலையில் தொடங்கிய கதை அங்கே முடிந்தது.

எவ்வளவு என்ற கேள்வி

இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி விடையில்லாமல் தப்பிவிட்டது: கால்வாய்களால் உண்மையில் எவ்வளவு தண்ணீர் கூடியது? பொலிவியாவின் நிபுணர்கள் முதலில் 30 முதல் 40 விழுக்காடு என்றார்கள். பிறகு கணிப்பை 11 முதல் 33 வரை என்று தளர்த்தினார்கள். சிலியின் நிபுணர்கள் கூடியது மிகச் சொற்பம் என்றார்கள். கால்வாய் வெட்டினால் ஓட்டம் கூடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சதுப்பு வடிவதால் வெயிலில் ஆவியாகிப் போகும் தண்ணீர் மிச்சமாகிறது என்பது ஒன்று. சதுப்பின் நீர்மட்டம் தாழ்வதால் பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீர் முன்னிலும் வேகமாக வெளியே தள்ளப்படுகிறது என்பது மற்றொன்று. முதலாவதை இரு தரப்பும் ஏற்றன. இரண்டாவதில்தான் கணினி மாதிரிகள் மோதின. பொலிவியாவின் மாதிரி, ஊற்றுக்கு மிக அருகிலேயே தன் எல்லையை வரைந்துகொண்டு, அந்த எல்லையில் நிலத்தடி நீர்மட்டம் எப்போதும் மாறாது என்று வைத்துக்கொண்டதால் விடை ஊதிப்போயிற்று என்பது சிலி நிபுணர்களின் குறை. நீதிமன்றம் இரு தரப்பு நிபுணர்களையும் கேட்டது. தனக்கென்று ஒரு நிபுணரை அமர்த்தவில்லை. சட்டப்படி அளவு தேவைப்படாத இடத்துக்கு வழக்கு வந்துவிட்டதால் அமர்த்தவேண்டிய கட்டாயமும் இல்லை.

என் தொழில்மனம் இந்த இடத்தில் ஒப்புவதில்லை. இளைஞரின் வழக்கில் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக அமர்த்தியது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் உடன் போனோம். காலின் கரையில் பத்து மீட்டரை நாடாவால் அளந்து இரண்டு முளை அடித்தார்கள். காய்ந்த புன்னைக் காய் ஒன்றை மேல்முளைக்கு முன்னால் போட்டு, கீழ்முளையைத் தாண்டும் நொடியைக் கைக்கடிகாரத்தில் பார்த்தார்கள். முதல் காய் கரையோரக் கோரையில் சிக்கிக்கொண்டது. இரண்டாவதை ஒரு சிறுவன் குச்சியால் தள்ளிவிட்டான். மூன்றாவதிலிருந்துதான் கணக்கு எடுத்தார்கள். அகலத்தையும் ஆழத்தையும் மூன்று இடங்களில் அளந்து பெருக்கி, மேற்பரப்பு ஓட்டம் அடியோட்டத்தைவிட வேகம் என்பதற்காகக் கொஞ்சம் கழித்து, ஓர் எண்ணை எழுதினார் ஆணையர். அடுத்து, இரு தரப்பின் சம்மதத்தோடு, காலின் தலையில் மண்மூட்டை அடுக்கி மூன்று நாள் அடைத்துவிட்டு, வயலின் கீழ்வரப்பில் தானாக வழிவது எவ்வளவு என்று பார்த்தார். முக்கால்வாசிக்கும் மேல் குறைந்திருந்தது. கீழூரார் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அளக்கும்போது எங்களோடு நின்ற பெரியவர் ஒருவர், கீழூர்க்காரர்தான், நாங்கள் கேட்காமலே சொன்னார்: “மூணு நாள்ல சேறு குடிச்சு முடிக்காது தம்பி. நிறையட்டும், அப்புறம் வழியும். ரெண்டு மாசமாவது கிடக்கணும்.”

அவர் சொன்னதில்தான் சிலாலா மாதிரிகளின் சண்டை முழுவதும் இருக்கிறது. அடைத்த உடனே தெரியும் குறைவில் பெரும்பகுதி, சதுப்பு மீண்டும் நிறையும்வரை நிலம் உள்ளே வாங்கிக்கொள்ளும் தண்ணீர். அது நிறைந்து நிலைக்கு வந்தபின் எவ்வளவு குறைகிறதோ அதுவே கால்வாயின் உண்மையான வரவு. அதைத் தெரிந்துகொள்ளக் கணினியால் ஊகிக்கலாம், அல்லது கால்வாயை ஒரு பருவம் அடைத்துப் பார்க்கலாம். பிரிக்கும் உரிமை பொலிவியாவுக்கு உண்டு என்று சிலியே ஒப்புக்கொண்ட நிலையில், கூட்டாக ஓர் அளவுமேடை வைத்து ஒரு கிளையை மட்டும் அடைத்துப் பார்த்திருந்தால், பல ஆண்டு நிபுணர் அறிக்கைகள் தராத விடையை அந்த ஆறு கன அடியே தந்திருக்கும். இரு கரை நாடுகளும் தொடர்ந்து கலந்து பேசி ஒத்துழைத்தால்தான் சமனான பயன்பாடு கைகூடும் என்று நீதிமன்றம் தீர்ப்பின் போக்கில் நினைவூட்டியது. அந்த ஒத்துழைப்பு முதலில் ஓர் அளவுகோலாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இளைஞரின் கேள்விக்குத் தி ஹேக் தீர்ப்பை அப்படியே விடையாகக் கொடுக்க முடியாது என்பதையும் அவரிடம் சொன்னேன். பொலிவியாவின் கால்வாய் உரிமையைச் சிலி தானே முன்வந்து ஒப்புக்கொண்டது. கீழூரார் அப்படி ஒப்பவில்லை. மேலும் நம் வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, உரிமம் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று சொன்ன கையோடு, அந்த உரிமத்தை நம்பி மற்றவர் தம் செலவில் நிலையான வேலை செய்திருந்தால் திரும்பப் பெற முடியாது என்கிறது. காலின் இரு கரைக்கும் கருங்கல் அடுக்கியது கீழூரார் என்றால் அவர்கள் பக்கம் வழக்கு பலமாகும். பாட்டனார் அடுக்கியது என்றால் நம் பக்கம். அடுக்கியது யார் என்று சொல்ல எழுத்தில் ஒன்றும் இல்லை. இளைஞர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டனார் காலத்துக் கணக்குநோட்டு ஒன்று அட்டாலியில் கிடப்பதாகவும் வண்டிக்கூலி எழுதிய பக்கங்கள் அதில் இருப்பதாகவும் சொன்னார்.

நோட்டு வந்தது. கல் ஏற்றிய வண்டிக்கு எட்டு நாள் கூலி பாட்டனார் கையெழுத்தில் இருக்கிறது. அதன் எதிரே, ‘கீழூர் வரவு பாதி’ என்றும் இருக்கிறது. ஆணையரைத் திரும்பவும் அனுப்பி, பிசான நெல் அறுத்தபின் வாய்க்காலை இரண்டு மாதம் அடைத்து அளக்கவேண்டும் என்று நாங்கள் போட்ட மனுவுக்கு, மறுப்பு இல்லை என்று கீழூரார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அளக்கும்போது அந்தப் பெரியவர் உடன் இருக்கவேண்டும் என்பது மட்டும் அவர்கள் நிபந்தனை.